தேநீர் வேளைக் கொலைகள்: லேசான துப்பறியும் தொடர்கள்

துப்பறியும் கதைகளில் ஒரு வகை உண்டு. அதில் கொலை நடக்கும், ரத்தம் தெறிக்காது. கொலையாளி பிடிபடுவான், தூக்குமேடை வரை கதை போகாது. துப்பறிகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரராக இருக்க மாட்டார். வயதான அத்தையாகவோ, சமையல் ஒப்பந்தக்காரியாகவோ, ஓய்வுபெற்ற நிருபராகவோ இருப்பார். ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு புத்தகம் முடிந்தால் அதே ஆள், அதே ஊர், புது வழக்கு என்று அடுத்தது வரும். ஆங்கிலத்தில் 'கோஸி' என்று வழங்கும் இந்த வகையை லேசான துப்பறியும் தொடர் என்று சொல்லலாம். படிப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், மதிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். படிப்பவர்களைத் திரும்பத் திரும்ப இழுப்பது புதிரா, வேறு ஏதாவதா என்பதே இந்தச் சொற்பொழிவின் விஷயம்.

தொடர் என்ற ஏற்பாடு பத்திரிகைத் தொழிலிலிருந்து வந்தது. எட்கர் ஆலன் போ 1841-இல் துப்பேன் என்ற துப்பறிவாளரைப் படைத்து, அவரை மூன்று கதைகளில் நடமாட விட்டார். ஆனால் அதை ஒரு முறையாக ஆக்கியவர் ஆர்தர் கோனன் டாயில். 1891 ஜனவரியில் ஜார்ஜ் நியூன்ஸ் லண்டனில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழைத் தொடங்கினார். அந்நாளைய இதழ்களில் தொடர்கதை வரும், தனிக்கதையும் வரும். தொடர்கதையில் ஒரு இதழ் தவறினால் வாசகன் தவித்துப் போவான். முன்கதைச் சுருக்கம் போட்டாலும் விட்டது விட்டதுதான். தனிக்கதைக்கோ வாசகனை அடுத்த மாதம் கடைக்கு வரவழைக்கும் சக்தி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் டாயில் ஒரு வழி கண்டார். ஆள் ஒருவரே, கதை மட்டும் இதழுக்கு இதழ் முடிந்துவிடும். எந்த மாதம் வாங்கினாலும் முழுக்கதை கிடைக்கும், எல்லா மாதமும் வாங்கினால் பழகிய முகமும் கிடைக்கும். இந்தக் கணக்கைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அதே ஆண்டு ஜூலை இதழில் ஷெர்லக் ஹோம்ஸின் முதல் சிறுகதை வந்தது.

கணக்கு அளவுக்கு மீறிப் பலித்தது. 1893 டிசம்பரில் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார், வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்ப வேண்டியிருந்தது. கடைசியில் நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளும் சேர்ந்தன. ஒரு புதிர் தீர்ந்த பிறகும் வாசகனுக்குத் தீராத ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்று பதிப்பாளர்கள் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

ஹோம்ஸ் கதைகளை லேசான வகையில் சேர்க்க முடியாது. அவர் அபின் கூடத்துக்கும் போவார், சேற்று நிலத்துக்கும் போவார். லேசான வகை உருப்பெற்றது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்தில். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதுகிறவர், இந்த ஆட்டத்துக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். பேய், பிசாசு கூடாது. ரகசியப் பாதை ஒன்றுக்கு மேல் கூடாது. துப்பறிகிறவருக்குக் கிடைக்கும் தடயத்தை வாசகனுக்கும் காட்ட வேண்டும். பாதி விளையாட்டாக எழுதிய விதிகள்தான் இவை. ஆனாலும் 1930-இல் லண்டனில் 'டிடெக்‌ஷன் கிளப்' என்று எழுத்தாளர்கள் சங்கம் கண்டபோது, புதிதாகச் சேர்பவர்கள் வாசகனை ஏமாற்றுவதில்லை என்று சத்தியமே செய்ய வேண்டியிருந்தது. முதல் தலைவர் 'ஃபாதர் பிரவுன்' துப்பறியும் கதைகளை எழுதிய ஜி.கே. செஸ்டர்டன், பின்னாளில் தலைமை ஏற்றவர்களில் அகதா கிறிஸ்டியும் ஒருவர்.

புத்தகம் கைக்கு எட்டும் விலைக்கு வந்ததும் இதே காலத்தில்தான். 1935 ஜூலையில் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்னி விலையில் முதல் பத்துப் புத்தகங்களை வெளியிட்டபோது, அவற்றில் இரண்டு துப்பறியும் நாவல்கள். கிறிஸ்டியின் முதல் நாவல் ஒன்று. டோரத்தி சேயர்ஸ் எழுதியது மற்றொன்று. துப்பறியும் புத்தகத்துக்கு அந்த நிறுவனம் கொடுத்த பச்சை அட்டை வாசகர்களுக்குத் தூரத்திலிருந்தே அடையாளமாயிற்று.

இந்த வகையின் இலக்கணத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு பாத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால் போதும். அவர் கிறிஸ்டியின் மிஸ் மார்பிள். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான எர்க்யூல் பொய்ரோ அதிக நாவல்களில் வருகிறவர், மீசையும் மிடுக்குமாக அதிகப் புகழும் பெற்றவர். ஆனால் அவர் தொழில்காரர். கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். மிஸ் மார்பிளைத் தேடிப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பார், பின்னல் ஊசியோடு.

அவரது அறிமுகமே அப்படித்தான். 1927 டிசம்பரில் 'ராயல் மேகஸின்' வெளியிட்ட 'தி டியூஸ்டே நைட் கிளப்' என்ற சிறுகதையில், செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் அவர் வீட்டிலேயே சிலர் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தாளரான அக்கா பிள்ளை, ஓவியம் தீட்டும் ஒரு பெண், பாதிரியார், வக்கீல், ஸ்காட்லாந்து யார்டின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. ஆளுக்கு ஒரு மர்மத்தைச் சொல்லி மற்றவர்கள் விடை காண வேண்டும் என்று முடிவாகிறது. தலை எண்ணுகிறார்கள். ஐந்து பேர், ஆறு இருந்தால் நன்றாயிருக்கும் என்கிறாள் ஓவியப் பெண். வீட்டுக்காரியான கிழவி கணக்கிலேயே வரவில்லை. தன்னை மறந்துவிட்டதை மிஸ் மார்பிள் வருத்தமில்லாமல் எடுத்துச் சொல்லி ஆறாவது ஆளாகிறார். பிறகு விஷம் வைத்த கதை ஒன்று சொல்லப்படுகிறது. கதை சொன்னவர் போக, படித்தவர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுட்டுகிறார்கள். மிஸ் மார்பிள் சரியான விடையைச் சொல்கிறார். விடைக்கான திறவுகோல் இனிப்புப் பதார்த்தத்தின் மேல் தூவும் ஒரு சாதாரணப் பொருள். அடுப்படி தெரிந்தவருக்கு அது தடயம்; மற்றவர்களுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனத்தில் படவில்லை.

கிறிஸ்டி இந்தக் கிழவியை எங்கிருந்து எடுத்தார் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1926-இல் அவர் எழுதிய 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலில் கரோலின் என்ற முதிர்கன்னி வருகிறாள். வாசற்படி தாண்டாமலே ஊர்ச் சேதி அனைத்தையும் திரட்டிவிடுகிறவள். 1928-இல் அந்த நாவல் நாடகமானபோது கரோலினை எடுத்துவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவில்லை. மிஸ் மார்பிளின் முதல் கதை அதற்கு முன்பே அச்சேறிவிட்டாலும், அவர் பிறந்ததற்கு அந்த வருத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கிறிஸ்டி எழுதியிருக்கிறார். பாட்டியின் தோழிகள் சிலருடைய சாயலும் இதில் கலந்தது. யாரைப் பற்றியும் மோசமானதையே எதிர்பார்ப்பது, பெரும்பாலும் அது சரியாகவே இருப்பது என்ற குணம் பாட்டியிடமிருந்தே வந்தது.

மிஸ் மார்பிளின் முறை ஹோம்ஸின் முறைக்கு நேர் எதிர். ஹோம்ஸ் சாம்பலையும் காலடித் தடத்தையும் பார்ப்பார். மிஸ் மார்பிள் ஆளைப் பார்த்து, இவர் நம் ஊரில் இன்னாரைப் போல இருக்கிறாரே என்பார். மீன்கடைப் பையன் செய்த திருட்டு, வேலைக்காரி சொன்ன பொய், விதவை ஒருத்தியை ஏய்த்த தரகன் என்று செயின்ட் மேரி மீடில் நடந்த சின்னச் சின்ன அற்பத்தனங்களே அவருடைய ஆவணக் காப்பகம். கொலைக்கும் அதே மனித சுபாவம்தான் காரணம், அளவுதான் வேறு என்பது அவர் துணிபு. வம்பு பேசுவதற்கு இதைவிட மரியாதையான உபயோகம் இலக்கியத்தில் யாரும் கண்டதில்லை.

கொலைக்கருவி பெரும்பாலும் விஷமாக இருப்பதும் தற்செயல் அல்ல. முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி டார்க்கி நகரத்து மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். எந்த மருந்து எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். முதல் நாவலில் விஷத்தைக் கையாண்ட விதத்தை மருந்தியல் இதழ் ஒன்று பாராட்டியது. அந்தப் பாராட்டில் அவருக்குத் தனிப் பெருமை. விஷத்தால் கதைக்கு வேறு ஒரு லாபமும் உண்டு. காயம் இல்லை, கூச்சல் இல்லை. யார் கலந்தார், எப்போது கலந்தார் என்ற கேள்வி உடனே சாப்பாட்டு மேசைக்கும் அடுக்களைக்கும் வந்துவிடுகிறது. லேசான கதை நடமாட விரும்பும் இடமும் அதுதான்.

இந்தக் கதைகள் மாறாத ஒரு பழைய இங்கிலாந்தைப் பொம்மை வீடுபோல வைத்துக் காட்டுகின்றன என்று குறை சொல்வது வழக்கம். பாதி உண்மை. வேலைக்காரர்கள் பலர் அசடாகவே வருகிறார்கள். பணக்காரர் வீட்டு உயிலைச் சுற்றியே உலகம் சுழல்கிறது. ஆனால் 1950-இல் வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' நாவலைப் படித்தவர் இந்தக் குறையை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. உள்ளூர்ப் பத்திரிகையில், பழைய சாமான் விற்பனைக்கும் நாய்க்குட்டி விற்பனைக்கும் நடுவே, இன்ன வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இன்னார் வீட்டில் கொலை நடக்கும் என்று ஒரு விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு விருந்து என்று எண்ணி அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து சேர்கிறார்கள். மணி அடிக்கிறது, விளக்கு அணைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. வேடிக்கையான தொடக்கம்தான். ஆனால் கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. போர் முடிந்து ஐந்தாண்டு ஆகியும் ரேஷன் ஓயவில்லை. ஊரார் வெண்ணெயையும் கரியையும் சட்டத்துக்குத் தெரியாமல் பண்டமாற்றுச் செய்துகொள்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த சமையற்காரி எதைக் கண்டாலும் பயப்படுகிறாள். முன்பெல்லாம் ஊருக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தால் தெரிந்தவர் யாராவது கடிதம் கொடுத்திருப்பார்கள். இப்போது பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்பதற்கு அவரே சொல்லும் சொல்லைத் தவிர ஆதாரம் கிடையாது. கொலையின் விடை முழுவதும் இந்த ஒரு நிலைமையின் மேல்தான் நிற்கிறது. விடையை இங்கே சொல்வது முறையல்ல.

1962-இல் வந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் ஸைட் டு ஸைட்' இன்னும் ஒரு படி போகிறது. செயின்ட் மேரி மீடின் ஓரத்தில் புதுக் குடியிருப்பு முளைத்துவிட்டது, சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. மிஸ் மார்பிளைக் குழந்தைபோல் நடத்தும் துணைக்காரி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். அவளை ஏதோ வேலைக்கு அனுப்பிவிட்டுக் கிழவி நழுவி, தனியாகப் புதுக் குடியிருப்பைப் பார்க்கப் போகிறார். புதுப் பெண்களின் முகத்திலும் தமக்குப் பழக்கமான பழைய முகங்களையே காண்கிறார். ஊர் மாறியதை மறைக்காமல் எழுதிய ஆசிரியை, கிழவிக்கு மட்டும் வயது ஏற்றவில்லை. 1930-இல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலில் நரைத்த தலையோடு வந்தவர், நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஏறக்குறைய அதே கிழவிதான். பன்னிரண்டு நாவல்கள், இருபது சிறுகதைகள். கடைசியாக அச்சேறிய 'ஸ்லீப்பிங் மர்டர்' கிறிஸ்டி இறந்த 1976-இல்தான் வெளிவந்தது. அதை அவர் எழுதி வைத்ததோ பல ஆண்டுகளுக்கு முன்பு.

இனி இன்பத்தின் விஷயம். விமர்சகர்களிடையே இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. 1945-இல் எட்மண்ட் வில்சன் 'நியூயார்க்கர்' இதழில், ரோஜர் அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன என்ற தொனியில் எழுதி, இவ்வகைக் கதைகளைப் படிப்பது வீண் பழக்கம் என்று தீர்த்துவிட்டார். மூன்றாண்டு கழித்துக் கவிஞர் ஆடன் தாமும் அதே பழக்கத்துக்கு அடிமை என்று வெளிப்படையாகவே எழுதினார். தொடங்கினால் வைக்க முடியாது, முடித்ததும் மறந்துவிடும், கதை கிராமப்புற இங்கிலாந்தில் நடக்காவிட்டால் பிடிக்காது என்பவை அவர் தம்மிடம் கண்ட அறிகுறிகள். நல்லது நிலவும் ஓர் இடம், அதில் ஒரு கறை, கறை நீங்கிப் பழைய நிலை திரும்புதல் என்று அவர் அதன் வடிவத்தை விளக்கினார்.

ஆடன் சொன்னதில் மறதிதான் முக்கியமான சாட்சியம். புதிர்தான் இன்பம் என்றால் விடை தெரிந்த கதையை இரண்டாம் முறை யாரும் தொடமாட்டார்கள். நடப்பதோ வேறு. கொலையாளி யார் என்பதை மறந்துவிட்டு அதே புத்தகத்தை மறுபடி படிக்கிறவர்கள் உண்டு. மறக்காமலே படிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் மறக்காமல் வைத்திருப்பது கிழவியின் பின்னல், பாதிரியார் வீட்டுத் தோட்டம், யார் யாரோடு பேசுவதில்லை என்ற ஊர்க் கணக்கு. புதிர் கதையை நகர்த்துகிறது. வாசகனைத் திரும்ப வரவழைப்பது ஊரும் ஆளும். வழக்கு ஒவ்வொரு முறையும் தீரும் என்ற உறுதி இருப்பதால்தான் மனம் மற்றவற்றை நிதானமாகக் கவனிக்கிறது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இது ஒரு பெருந்தொழிலாயிற்று. லிலியன் ஜாக்ஸன் பிரவுன் 1966-இல் ஒரு நிருபரையும் ஒரு சயாமியப் பூனையையும் வைத்துத் தொடர் தொடங்கினார். அடுத்த புத்தகத்தில் இரண்டாவது பூனையும் சேர்ந்தது. 1968-க்குள் மூன்று புத்தகம் வந்து நின்றுபோயிற்று. பதினெட்டு ஆண்டு கழித்து 1986-இல் நான்காவது வந்ததும் தொடர் சூடுபிடித்து மொத்தம் இருபத்தொன்பதைத் தொட்டது. 1984 முதல் 1996 வரை ஓடிய 'மர்டர், ஷி ரோட்' தொலைக்காட்சித் தொடரில், கபட் கோவ் என்ற சின்னக் கடலோர ஊரில் ஆண்டுதோறும் இத்தனை கொலையா என்று ரசிகர்களே கேலி செய்தார்கள், பார்ப்பதையும் விடவில்லை. 1990-களில் கேட்டரிங் தொழில் செய்யும் நாயகியை வைத்து டயான் மாட் டேவிட்ஸன் எழுதிய நாவல்களில் சமையல் குறிப்புகளும் இருந்தன. பிறகு பேக்கரி, பின்னல் நூல் கடை, பழைய புத்தகக் கடை என்று கடைக்கொரு தொடர் கிளம்பியது. இவற்றில் பலவற்றில் பலகாரத்தின் மணம் இருக்கிறது, தடயம்தான் இல்லை. இவ்வகைக்கென்றே 1989 முதல் மேரிலாந்தில் 'மாலிஸ் டொமஸ்டிக்' என்ற மாநாடு நடக்கிறது. அங்கே தரும் பரிசின் பெயர் அகதா.

கொலையையே ஏறக்குறையக் கைவிட்ட தொடரும் வந்தது. ஜிம்பாப்வேயில் பிறந்து எடின்பரோவில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்த அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித், போட்ஸ்வானாவின் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். 1998-இல் அந்நாட்டுத் தலைநகரான காபரோனில் 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'யைத் திறந்து வைத்தார். அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்துச் சேர்த்த மாடுகளை விற்று, அந்தப் பணத்தில் துப்பறியும் நிலையம் வைக்கிறாள் மா ரமோட்ஸ்வே. ஓடிப்போன கணவன், அப்பா என்று சொல்லி வந்து உட்கார்ந்துகொண்ட அந்நியன், மகளைப் பற்றிக் கவலைப்படும் தகப்பன் என்பவை அவளிடம் வரும் வழக்குகள். சின்ன வெள்ளை வேன், சிவப்பு ரூயிபோஸ் தேநீர், செயலர் பயிற்சிக் கல்லூரியின் இறுதித் தேர்வில் 97 சதவீதம் வாங்கியதை யாரிடமும் சொல்லாமல் விடாத உதவியாளர். இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. முதல் புத்தகத்தில் காணாமல் போன சிறுவன் விஷயத்தில் மட்டும் இருள் உள்ளே வருகிறது. அந்த ஓரிடம் இருப்பதால் மற்ற இடங்களின் வெளிச்சம் பொய்யாகத் தெரியவில்லை.

தமிழிலும் இந்தத் தொடர் மரபுக்கு நல்ல கிளை உண்டு. புதிர் இல்லாமலும் தொடர் வாழும் என்பதற்கு உலகிலேயே சிறந்த சான்று தமிழில்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். தேவன் (1913–1957) ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு'தான் அது. வங்கிக் குமாஸ்தாவாக இருந்து அசடு என்று பெயர் வாங்கிய சாம்பு எதையும் துப்பறிவதில்லை. தடுக்கி விழுவார், உளறுவார், தப்பான கதவைத் திறப்பார், திருடன் அகப்பட்டுக்கொள்வான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். நாக்ஸின் விதிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மீறியும் வாசகனுக்குத் துளிக்கூட ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் அவன் வந்தது சாம்புவைப் பார்க்க.

பின்னால் வந்தவை இத்தனை லேசானவை அல்ல. தமிழ்வாணனின் சங்கர்லால் நாடு நாடாகப் போவார், ஆனால் தேநீர் குடித்தால்தான் மூளை வேலை செய்யும். சுஜாதாவின் 'நைலான் கயிறு' நாவலில் தனியாக வந்த வக்கீல் கணேஷுக்குப் பின்னர் வசந்த் ஜூனியராகச் சேர்ந்தான். அதன் பிறகு வழக்கைவிட அவன் அடிக்கும் கமெண்டுக்காகக் காத்திருந்தவர்கள் அதிகம். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா ஆகியோர் மாத நாவல்களில், பஸ் நிலையக் கடைகளில் தொங்கி, பயணிகளின் கையில் ஊர் சுற்றினார்கள். இக்கதைகளில் கத்தியும் ரத்தமும் தாராளம். கோஸி என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஆனால் அவற்றின் பழைய வாசகரிடம் இன்று கேட்டால், கொலை செய்தவன் பெயர் நினைவிருக்காது. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகம் என்றால் உடனே சிரிப்பு வரும்.

படிக்கும் வரிசை பற்றிச் சில வார்த்தைகள். மிஸ் மார்பிள் நாவல்களை எதிலிருந்தும் தொடங்கலாம். 'நெமிஸிஸ்' நாவலை மட்டும் 'எ கரீபியன் மிஸ்டரி'க்குப் பிறகு படிக்க வேண்டும், 'கரீபியன்' கதையில் வரும் பணக்காரர் ஒருவரின் வேண்டுகோளில்தான் 'நெமிஸிஸ்' தொடங்குகிறது. நாவலுக்கு நேரமில்லாதவர்கள் 1932-இல் தொகுப்பாக வந்த 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' சிறுகதைகளை இரவுக்கு ஒன்றாகப் படிக்கலாம். மா ரமோட்ஸ்வே கதைகளைப் புத்தக வரிசையிலேயே படிப்பது நல்லது, அங்கே கல்யாணமும் குடும்பமும் புத்தகத்துக்குப் புத்தகம் வளர்கின்றன. பூனைத் தொடரில் எது முன், எது பின் என்று பார்க்கத் தேவையில்லை. தமிழ் மட்டும் படிக்கிறவர்கள் சாம்புவில் தொடங்கட்டும். அதில் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாலும் நஷ்டமில்லை.